பழைய ஜீப் வாங்குவோர் கவனத்திற்கு

பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு கைப்பிடி மிளகை அள்ளிப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடும் வணிகர்கள் நாம். அதே நாம் பழைய ஜீப் வாங்கப் போனால் பெயின்ட் பளபளப்பிலும் புது சீட் கவரிலும் மயங்கிவிடுகிறோம். மிளகில் ஏமாந்தால் போவது பணம் மட்டுமே. வண்டியில் ஏமாந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வாங்கிய பழைய ஜீப்பில் குடும்பத்தோடு இறங்கி வந்தபோது, பாதி வளைவுகளைத் தாண்டியதும் பிரேக் மிதி பஞ்சு போல் உள்ளே போயிற்று. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கக் கால்வாயில் சக்கரத்தை இறக்கி ஒருவழியாக நிறுத்தினோம். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்பது விற்றவருக்கே தெரியவில்லை. அந்த அனுபவமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

வாங்கும் முன்

முதலில் அது நான்கு சக்கர இழுவை வண்டிதானா என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டு வந்த பொலேரோவில் பெரும்பாலானவை பின்சக்கர இழுவை மட்டுமே உள்ளவை. குனிந்து முன் அச்சைப் பாருங்கள். பின்பக்கம் உள்ளது போன்ற உருண்டையான கிரவுன் ஹவுசிங் முன்பக்கமும் இருந்தால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும். லிவர் இருந்தும் வேலை செய்யாத வண்டிகள் உண்டு. ஆகவே மண் தரையில் போட்டு ஓட்டிப் பார்த்தே விலை பேச வேண்டும்.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். கரும்புகை டீசல் சரியாக எரியவில்லை என்பதையும், நீலப்புகை என்ஜின் ஆயில் எரிகிறது என்பதையும், நிற்காத வெண்புகை தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்பதையும் காட்டும். கிரவுன் ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கடன் பதிவு இருந்தால், 35ஆம் படிவம் கொடுத்து அதை நீக்கிய பிறகே முழுப் பணமும் தர வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் தேவை. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

பராமரிப்பு

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் சேர்ந்த ஆயில் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழாகிவிடும். குமிழை எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிது ஊற்ற ஆகும் செலவு மிகச் சிறியது. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்கள் சொல்லும் பழைய பாடம். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்போது பிரேக் சூடாவது குறையும்.

இன்னொரு தவறும் நம்மிடம் பரவலாக உள்ளது. மலை ஏறுகிறோம் என்று தார்ச்சாலையிலேயே நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிடுகிறோம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருளுகின்றன. நம் பழைய வண்டிகளில் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் அமைப்பு நடுவில் இல்லை. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லாததால் டிரான்ஸ்பர் கேஸ், ஜாயின்ட் கிராஸ், டயர் எல்லாம் தேய்கின்றன. அதே காரணத்தால் நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். நான்கு சக்கர இழுவையைப் பயன்படுத்தாமலே விடுவதும் தவறு. மாதம் ஒருமுறை மண் பாதையில் சிறிது தூரம் ஓட்டினால்தான் உள்ளே ஆயில் பரவும்.

மேம்படுத்தும்போது

முதல் பணம் பிரேக்குக்கும் டயருக்கும். அடுத்தது ரேடியேட்டரும் ஹோஸ் குழாய்களும். மூன்றாவது எல்லா இருக்கைக்கும் சீட் பெல்ட். பக்கவாட்டு பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைப்பதைத் தவிர்த்து, முன்நோக்கிய இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். இவை முடிந்த பின்னரே ஸ்டீரியோவும் அலங்காரமும். கூரைக் கேரியரில் மூட்டை ஏற்றுவது வண்டியின் கனத்தை மேலே தூக்கி, வளைவில் கவிழும் அபாயத்தைக் கூட்டும். சரக்கு கனமென்றால் அதற்கு டெம்போ இருக்கிறது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்திற்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்புகளின் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. என்ஜின் மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாத மாற்றத்தோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது வழக்காடும் நிலை வரலாம். வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு விடுவதும் அப்படியே.

லாரி பாடி கட்டும் தொழிலால் பெயர் பெற்ற நாமக்கல் நமக்குப் பக்கத்தில் இருப்பது நல்வாய்ப்பு. லேத் பட்டறைக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்குக்கும் குறைவில்லை. கடையில் கொள்முதல் நோட்டு வைத்திருப்பதைப் போல வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், போட்ட பாகம், கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதி வாருங்கள். அடுத்த முறை மலை இறங்கும் முன் அந்த நோட்டைத் திறந்து, பிரேக் ஆயில் மாற்றிய தேதியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.