ராயபுரம் முதல் எண்ணூர் வரை... உலகமே எங்க ஊரிலே!

போன ஜூன் மாதம் ஸ்கூல் திறந்த சமயம். என் மகளின் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டிக் கொண்டிருந்தேன். பெயர், வகுப்பு எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தாள். விலாசம் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் 'சென்னை' என்று ஒரே வார்த்தை!

"என்னடி கண்ணு, தெருப் பேரு, ராயபுரம்னு ஒண்ணையும் காணோம்?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் மெதுவாக, "புது ஸ்கூல்ல கேலி பண்றாங்கம்மா. 'நீ நார்த் மெட்ராஸா? ரவுடிங்க ஏரியாவாச்சே! மீன் நாத்தம் அடிக்குமே'ன்னு ஒரு பொண்ணு மூக்கைப் பிடிச்சுக் காட்டிச்சு. அதான் எழுதலே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்தது ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில். இவள் பிறந்ததும் அங்கேதான். கல்மண்டபம் பக்கத்தை விட்டு வேறெங்கும் குடியிருந்ததில்லை. பன்னிரண்டு வயசுக் குழந்தை தன் வீட்டு விலாசத்தையே மறைக்கிறாள் என்றால், குற்றம் அந்தப் பெண் மேல் மட்டுமா? நம் ஊரைப் பற்றி நாமே குழந்தைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டோமே!

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு டப்பாவில் புளிசாதமும், பாட்டிலில் தண்ணீருமாகக் கிளம்பினேன்.

"எங்கேம்மா போறோம்?"

"உலகத்தைச் சுத்திப் பார்க்க!" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தெற்கே ஓடிய முதல் பயணிகள் ரயில்

முதலில் ராயபுரம் ஸ்டேஷன். தினமும் கடந்து போகிற இடம்தான். ஆனால் நின்று பார்த்ததில்லை. உயரமான தூண்களோடு, ஏதோ பழைய காலத்து அரண்மனை மாதிரி நிற்கிறது.

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாயில் ஓடியது. அடுத்த வருஷம் கல்கத்தா பக்கம் ஹௌராவில். மூன்றாவது நம் ராயபுரம்! 1856 ஜூன் 28-ம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைக்க, ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா வரைக்கும் ரயில் ஓடியது. தென்னிந்தியாவிலேயே முதல் பயணிகள் ரயில் அதுதான். 1873-ல் சென்ட்ரல் வந்த பிறகுதான் ராயபுரத்தின் மவுசு குறைந்தது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. பம்பாயிலும் ஹௌராவிலும் அன்று கட்டிய ஸ்டேஷன் கட்டிடங்கள் இன்று இல்லை. ராயபுரம் கட்டிடம் மட்டும் நிற்கிறது. ஆகவே நம் நாட்டில் இன்றும் ரயில் நின்று போகும் ஸ்டேஷன்களில் மிகப் பழைய கட்டிடம் இதுதான்.

"ஹிஸ்டரி புக்ல பம்பாய் - தானா மட்டும்தானேம்மா இருக்கு?" என்றாள் மகள்.

"புக்குல இல்லாததும் நிறைய இருக்கு, வா" என்றேன். ராயபுரம் என்ற பெயருக்கும் ஒரு கதை சொல்வார்கள். இங்கே படகோட்டிகளும் மீனவர்களும் கும்பிடும் ராயப்பர் கோயில் இருக்கிறது. பீட்டர் என்ற புனிதரைத்தான் தமிழில் ராயப்பர் என்பார்கள். அவரும் மீன் பிடித்தவர்தானே! மீன் வாசனைக்கு மூக்கைப் பிடித்த பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக் கொண்டேன்.

ஸ்டிரைக்கர் சுண்டிய விரல்

அங்கிருந்து காசிமேட்டைத் தாண்டிப் புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் நடந்தோம். ஒரு சந்தில் நாலைந்து பையன்கள் கேரம் போர்டைச் சுற்றி நின்று கொண்டிருந்தார்கள். "ரெட்டைப் போட்டுட்டேன், ஃபாலோ காட்றேன் பாரு!" என்று ஒரே சத்தம்.

வட சென்னை என்றால் குத்துச்சண்டை என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படம் அந்தப் பெருமையை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. ஆனால் கேரம்? மழை நாளில் நாம் வீட்டுத் திண்ணையில் பவுடர் தூவி ஆடுகிற விளையாட்டுக்கு ஓர் உலகச் சம்மேளனம் இருக்கிறது. அது 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான் என்றால் நம்புவீர்களா? சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன். கேரம் விளையாட்டுக்காக முதன்முதலில் அர்ஜுனா விருது வாங்கியவரும் அவர்தான்.

பெண்கள் மட்டும் சளைத்தவர்களா? பக்கத்து வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸ் தேசத்தில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்றார். 2024 நவம்பரில், இதே புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த பதினேழு வயது காசிமா அமெரிக்காவுக்குப் போய், உலகக் கோப்பைப் போட்டியில் தனி ஆட்டம், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கி வந்தார்! ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

"செரியன் நகரா? நாம இப்ப நடந்து வந்த ஏரியாவா?" என் மகளின் கண்கள் விரிந்தன.

"ஆமா. அந்தப் பொண்ணு விலாசத்தை மறைக்கலே, பாரு."

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கேரமுக்குப் பெரிய மைதானம் வேண்டாம், விலை உயர்ந்த உடுப்பு வேண்டாம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. கைக்கும் கண்ணுக்கும் ஒற்றுமை, கோணம் பார்க்கும் புத்தி, தன் முறை வரும் வரை காத்திருக்கும் பொறுமை, மூன்றும் வந்துவிடும். பரண் மேலிருக்கும் போர்டை இந்த லீவிலாவது இறக்குங்கள்!

மகிழ மரத்தடிச் சத்தியம்

புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ பிடித்தோம். காலடிப்பேட்டை ஸ்டேஷன் வந்ததும், "யார் காலடிம்மா?" என்று கேட்டாள். காலடியும் இல்லை, கையடியும் இல்லை! முந்நூறு வருஷத்துக்கு முன் மதராஸ் கவர்னராக இருந்த காலட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. 'காலட் பேட்டை' நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கித் தியாகராஜர் கோயிலுக்குப் போனோம். வடிவுடையம்மன் சந்நிதியில் நல்ல கூட்டம். அர்ச்சனை முடிந்ததும் மகிழ மரத்தடியில் உட்கார்ந்து சங்கிலி நாச்சியாரின் கதையைச் சொன்னேன். சுந்தரர் சங்கிலியை மணக்க விரும்பியபோது, "உன்னை விட்டுப் போக மாட்டேன்" என்று இந்த மகிழடியில் சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு ஆரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போயிற்று. ஒரு கண் காஞ்சியிலும் மற்றொன்று திருவாரூரிலும் திரும்பக் கிடைத்ததாகப் புராணம்.

"சாமிக்கே தோழரா இருந்தாலும் ஒரு பொண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாதுன்னு அர்த்தமாம்மா?" என்றாள். எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாத அர்த்தம்!

இன்னொரு பெருமை. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகையர் இங்கே வந்து, அம்பாள் பேரில் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார்.

பலூனிலிருந்து டயர்

கோயிலை விட்டு வெளியே வந்தால் பலூன்காரர். மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துக் கொண்டே கேட்டேன்: "எம்.ஆர்.எஃப். டயர் தெரியுமில்லே? அந்தக் கம்பெனி முதல்ல என்ன பண்ணிச்சு சொல்லு?"

விழித்தாள். 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்தார். பையில் போட்டுக் கொண்டு தாமே கடை கடையாக ஏறி இறங்கி விற்றார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் ரப்பர் செய்யத் தொடங்கி, பிறகுதான் டயர். 'மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி' என்பதன் முதல் எழுத்துக்கள்தான் எம்.ஆர்.எஃப்.! வீட்டிலிருந்து அப்பளமோ ஊறுகாயோ போட்டு விற்கும் சகோதரிகள் இதை மனசில் வைத்துக் கொள்ளலாம்.

'புல்லட்' கதை இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் பிறந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளை 1950-களில் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கினார்கள். 1970-ஐ ஒட்டித் தாய்வீட்டுக் கம்பெனி மூடப்பட்டது. பிள்ளை மட்டும் இங்கே பிழைத்துக் கொண்டது. 1977-ல் திருவொற்றியூர் வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்! புகுந்த வீட்டில் வளர்ந்து பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டு போன மாதிரி, இல்லையா?

எண்ணூரில் வாய் மூடிக் கொண்டது

விம்கோ நகரோடு மெட்ரோ முடிந்துவிடும். அங்கிருந்து பஸ்ஸில் எண்ணூர் போனோம். கரையில் படகுகள். இன்று ஃபைபர் படகுகள்தான் அதிகம். ஆனால் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டும் 'கட்டுமரம்' என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் 17-ம் நூற்றாண்டிலேயே 'கேட்டமரான்' என்று எடுத்துக் கொண்டார்கள். 2013-ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த புகழ்பெற்ற பாய்மரப் போட்டியில் பறந்த இரட்டை ஓடப் படகுகளுக்கும் அதே பெயர்தான். அமைப்பு வேறு, பெயர் நம்முடையது.

இதுவரை மகளிடம் பெருமையாகவே பேசி வந்த எனக்கு, முகத்துவாரத்தைப் பார்த்ததும் வாய் மூடிக் கொண்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த அனல் மின் நிலையங்களின் சாம்பல் இங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. 2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு.

"அந்த எண்ணெயை எப்படிம்மா எடுப்பாங்க?" என்றாள்.

சிக்கு முடிக்கு வந்த மதிப்பு

இதற்குப் பதில் நம் சீப்பில் இருக்கிறது, சகோதரிகளே! 1989-ல் அமெரிக்காவில் அலாஸ்கா கடலில் ஒரு கப்பலிலிருந்து ஏராளமான எண்ணெய் கொட்டியது. எண்ணெயில் நனைந்த நீர்நாயின் ரோமத்தை டி.வி.யில் பார்த்தார் ஃபில் மெக்ரோரி என்ற முடி திருத்துபவர். 'ரோமம் இப்படி எண்ணெயைப் பிடித்துக் கொள்கிறதே, என் கடையில் பெருக்கிக் கொட்டும் முடியும் பிடிக்குமே' என்று தோன்றியது. மனைவியின் காலுறையில் முடியை அடைத்து, மகன் குளிக்கும் சிறு தொட்டியில் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றி, அதில் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் முழுவதும் முடியில்!

காரணம் எளிது. முடியின் மேல்பாகம் மீன் செதில் போலச் சொரசொரப்பானது. எண்ணெய் அதில் ஒட்டிக் கொள்ளும். தலைக்கு எண்ணெய் தேய்த்தால் வெறும் தண்ணீரில் போவதில்லையே, அதே விஷயம்தான்.

தமிழர்களும் வாழும் மொரீஷியஸ் தீவில் 2020-ல் ஒரு கப்பல் தரை தட்டி எண்ணெய் கசிந்தபோது, பெண்களும் குழந்தைகளும் துணிப் பைகளில் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்து நீளமான தடுப்புகள் செய்தார்கள். பலர் முடியை வெட்டிக் கொடுத்தார்கள். 2023-ல் பிலிப்பைன்ஸிலும் முடி, வைக்கோல், தேங்காய் நார் எல்லாம் உதவிக்கு வந்தன. நம் தெருவில் "சிக்கு முடி வாங்குறது!" என்று பாத்திரம் கொண்டு வருகிறார்களே, அந்த முடிக்கு இப்படியும் ஒரு மதிப்பு!

ஆனால் ஒன்று. எண்ணெய் குடித்த முடியும் நாரும் குப்பைதான். அதைப் பத்திரமாக அப்புறப்படுத்தியாக வேண்டும். கொட்டாமல் இருப்பதே முதல் வைத்தியம்.

கடற்கரையில் குழந்தையின் கை காலில் கறுப்பு எண்ணெய் ஒட்டினால் கெரசினோ பெட்ரோலோ போடவே கூடாது. துணியால் ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும், மூச்சுத் திணறல், வாந்தி வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

லேபிளில் இடம் போதவில்லை

திரும்பி வரும்போது மகள் ஜன்னலோரமாக உட்கார்ந்து பேசாமலே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "நல்லதை மட்டும் சொல்லாம எண்ணூரையும் ஏம்மா காட்டினே?" என்று கேட்டாள்.

"கேலி பண்றவங்க மூக்கைப் பிடிச்சாங்க இல்லே? நாத்தம் நம்ம ஜனங்களோடது இல்லேன்னு உனக்குத் தெரியணும். ரயிலு, டயரு, கரண்ட்டு எல்லாம் இங்கேயிருந்து எல்லாருக்கும் போச்சு. சாம்பலும் எண்ணெயும் மட்டும் நம்ம வாசல்ல நின்னுடுச்சு. உன் ஊரைப் பத்தி ரெண்டும் தெரிஞ்சாத்தான் நாளைக்கு யாரையும் நீ கேள்வி கேட்க முடியும்."

ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். பழைய லேபிள்களின் மேல் புது லேபிள் ஒட்டியிருந்தாள். கதவு எண், தெருப் பெயர், கல்மண்டபம், ராயபுரம், வட சென்னை... இடம் போதாமல் கடைசி வரி லேபிளைத் தாண்டி அட்டையில் ஓடியிருந்தது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பழைய ஸ்டேஷனோ, கோயிலோ, ஏரியோ இருக்கும். அடுத்த லீவில் குழந்தைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். டப்பாவில் கொஞ்சம் புளிசாதம் மறக்காமல்!