பழைய நூலும் புதிய எழுத்துருவும்

தொழிற்சங்க மலர், மீனவர் சங்க அறிக்கை, கோயில் தல வரலாறு என இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பகுதியில் வெளிவந்த சிறு நூல்கள் பல. 1990களில் கணினியில் கோக்கப்பட்ட அத்தகைய நூலொன்றை மறுபதிப்புச் செய்ய முனைவோர் ஓர் இடரைச் சந்திப்பர். பழைய வட்டு திறக்கும். திரையில் தமிழ் தோன்றாது.

காரணம் என்ன? அக்கால எழுத்துரு ஒன்றில் இருந்த இடங்கள் 256. தமிழ் எழுத்துகளோ 247. ஆங்கிலத்தோடு இவ்வளவையும் அடக்க இயலாது. ஆகவே கொம்பு, கால் எனக் குறிகளைப் பிரித்து, அவரவர் விருப்பப்படி இடம் ஒதுக்கினர். ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கோப்பில் உறைகிறது. எழுத்துரு இல்லையேல் அவையே தெரியும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரக் குறியீடுகளை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் எழுத்துரு மாறினும் எழுத்தின் எண் மாறாது.

1978க்கு முந்தைய நூலுக்கும் இது பொருந்தும். அவ்வாண்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ‘சென்னை’, ‘வலை’, ‘ஆலை’ ஆகியவை அதற்குமுன் துதிக்கை வடிவ ஐகாரத்தோடு அச்சாயின. இன்று இரு வடிவத்துக்கும் எண் ஒன்றே. பழைய வடிவம் வேண்டின் அதற்குரிய எழுத்துருவைத் தேர்ந்தால் போதும்.

பழைய கோப்பை ஒருங்குறியாக்கும் மாற்றிகள் உள்ளன. அவற்றைக் கண்மூடி நம்பலாமா? கூடாது. ‘கௌ’ என்பதன் இறுதிக் குறியும் ‘ள’ என்னும் எழுத்தும் உருவில் ஒன்றே. ஆகவே ‘வெளி’யில் உள்ள கொம்பையும் ளகரத்தையும் ஔகாரமெனக் கொண்டு மாற்றி மயங்குவதுண்டு. அப்போது ‘வெளி’ ‘வௌி’யாகிறது; ‘தெளிவு’ ‘தௌிவு’ ஆகிறது. விரைந்து படிப்பவர் கண்ணுக்கு இப்பிழை தப்பிவிடும். ஆனால் கணினியில் தேடினால் அச்சொல் அகப்படாது.

எனவே செய்யத்தக்கன இவை:

1. மூலக் கோப்பையும் பழைய எழுத்துருவையும் அழியாது படியெடுத்து வைத்தல்.
2. எழுத்துருவின் பெயரறிந்து, அதற்குரிய மாற்றியைப் பயன்படுத்தல்.
3. ஔகாரம் வரும் இடங்களையெல்லாம் தேடிச் சரிபார்த்தல்.
4. ஒருவர் அச்சு நூலை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையோடு ஒப்பிடல்.
5. எழுத்தின் அகலம் மாறுவதால் பக்கங்கள் நகரும். பொருளடக்க எண்களை இறுதியில் திருத்தல்.

இவற்றுள் நான்காவதே தலையாயது. ஒப்பிட அச்சுப்படி இல்லையேல், பிழை எது, மூலம் எது என்று எவரும் சொல்ல முடியாது. சங்க மலருக்கு நூலகத்தில் இரண்டாம் படி கிடைப்பதும் அரிது. ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய மலரொன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிழைபட்ட கோப்புக்கு அதுவே சாட்சி.