இரு வேறு இயல்பினர் வாழ ஒரு வீடு

ஊரை விட்டு வந்து அயல் மாநிலத்துப் பெருநகரங்களில் குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களில் ஓயாமல் கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு. "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்பதே அது. ஒருவர் விடியுமுன் எழுபவர். மற்றவர் நள்ளிரவு வரை விழித்திருப்பவர். ஒருவருக்குப் பேச்சுத் துணை வேண்டும். மற்றவருக்குத் தனிமை வேண்டும். ஒருவர் காலிப் புட்டியையும் கயிற்றுத் துண்டையும் சேர்த்து வைப்பார். மற்றவருக்குத் துடைத்துவிட்டாற் போன்ற தரைதான் கண்ணுக்கு இதம். இத்தகைய இருவர் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் முட்டிக்கொள்ளும்போது பெரியவர்கள் மேற்படி அறிவுரையை எடுத்து வீசுகிறார்கள். வீட்டில் எவருக்கு வாய் குறைவோ அவர் தலையிலேயே பெரும்பாலும் அது வந்து விழுகிறது. மனிதரைத் திருத்துமுன் வீட்டைத் திருத்திப் பார்த்தால் என்ன என்று கேட்பவர் அரியர்.

நம் ஊர்ப் பழைய வீடுகள் இதற்கு ஒருவாறு வகை செய்திருந்தன. தஞ்சை மாவட்டத்து ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, பின்பு கூடமும் முற்றமும், அதற்கப்பால் இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடி, கொல்லை. ஊர்க்கதை பேச விரும்பிய அண்ணன் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். வாய் திறவாத தம்பி கொல்லையில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு பொழுதைக் கழிப்பார். இருவரும் ஒரே பந்தியில் உண்பார்கள். அதற்கு மேல் ஒருவரையொருவர் சகிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பெண்களுக்கு அந்த வசதி இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாமியாருக்கும் ஓரகத்திகளுக்கும் சேர்த்து ஓர் அடுக்களையே வாய்த்தது. பட்டணத்துக் குடியிருப்பிலோ திண்ணையும் போயிற்று, கொல்லையும் போயிற்று. நடுக்கூடம் மட்டும் மிஞ்சிற்று. அதற்குள்ளேயே எல்லா இயல்பினரும் அடங்கியாக வேண்டும்.

இந்தச் சிக்கலையே நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு கட்டப்பட்ட வீடு ஒன்று உலகில் உண்டு. அது இருப்பது மெக்ஸிகோ நகரின் தென்பகுதியில், ஸான் ஆன்ஹெல் என்னும் இடத்தில். அதைப் பற்றிப் படித்த நாள் முதல், கிடைத்த படங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். நம் அன்பர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று.

அவ்வீட்டுக்கு உரியவர்கள் இருவரும் ஓவியர்கள். கணவனும் மனைவியும் ஆவர். தியேகோ ரிவேரா 1886இல் பிறந்தவர். பொது மண்டபங்களின் சுவர்களில் பேருருவ ஓவியங்கள் தீட்டிப் புகழ் பெற்றவர். பருத்த உடலும் உரத்த பேச்சும் உடையவர். சாரத்தின் மேல் நின்று, உதவியாளர்கள் சூழ வேலை செய்வது அவர் வழக்கம். மனைவி ஃப்ரீடா காலோ 1907இல் பிறந்தவர். ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு வலக்கால் சூம்பியது. 1925இல் அவர் சென்ற பேருந்தின் மீது டிராம் வண்டி மோதி முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. படுக்கையில் கிடந்தபடியே ஓவியம் தீட்டத் தொடங்கியவர் அவர். அவருடைய படங்கள் சிறியவை. பல, தகரத் தகட்டில் தீட்டியவை. தம் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1929இல் இவ்விருவரும் மணந்துகொண்டபோது, யானைக்கும் புறாவுக்கும் கல்யாணம் என்று பெண் வீட்டார் சொன்னதாகக் கூறுவர்.

இவர்களுக்கு வீடு கட்டித் தந்தவர் ஹுவான் ஓகோர்மன் என்ற இளைஞர். 1905இல் பிறந்தவர். அதே தெருவில் 1929இல் அவர் ஒரு வீடு கட்டியிருந்தார். அதைக் கண்டு மனம் பற்றிய ரிவேரா அடுத்த மனையில் தமக்கும் கட்டித் தருமாறு கேட்டார். 1931, 1932ஆம் ஆண்டுகளில் வேலை நடந்தது. ஓகோர்மன் செய்த காரியம் எளிமையானது. ஆனால் எவருக்கும் எளிதில் தோன்றாதது. ஒரு மனையில் இரண்டு வீடுகளை எழுப்பினார். ரிவேராவுக்குப் பெரிய வீடு, வெண்மையும் செம்மையுமாக. ஃப்ரீடாவுக்குச் சிறிய வீடு, முழுவதும் நீலமாக. இரண்டும் தூண்களின் மேல் நிற்பவை. இரண்டின் மாடிகளையும் ஒரு குறுகிய பாலம் இணைக்கிறது. மனையைச் சுற்றி மதிற்சுவருக்குப் பதிலாக நெட்டையான கள்ளிச்செடிகளை வரிசையாக நட்டு வேலியிட்டார். ஆக, வேலி ஒன்று, வீடு இரண்டு, பாலம் ஒன்று.

ஒவ்வொரு வீடும் அதில் இருப்பவரின் இயல்பை ஒட்டியே எழுந்தது. ரிவேராவின் வேலைக்கூடம் இரண்டு மாடி உயரம் கொண்டது. சுவர் முழுவதும் கண்ணாடிச் சாளரம். கூரை, நம் ரயில்வே பணிமனைகளில் காண்பது போன்ற ரம்பப்பல் கூரை. நேர்வெயில் விழாமல் ஒரே சீரான வெளிச்சம் வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலைகளில் கையாளும் முறை அது. அங்கே அவர் சேர்த்த பழங்காலச் சுடுமண் பொம்மைகளும், காகிதக் கூழால் செய்த ஆளுயரப் பூதங்களும், வந்து போகும் விருந்தினரும் அடங்க இடம் இருந்தது. ஃப்ரீடாவின் வீட்டில் அறைகள் சிறியவை. தனியே அமர்ந்து கையகலப் படம் வரைபவருக்கு அவ்வளவு போதும். இரண்டிலும் அலங்காரம் என்று எதுவும் இல்லை. குழாய்களும் மின்கம்பிகளும் கண்ணுக்குத் தெரியும்படியே ஓடுகின்றன. சிக்கனத்தை மறைக்க முயலாத அந்தக் குணம் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பிடித்திருக்கிறது.

நான் மிகவும் வியந்தது அந்தப் பாலம் இருக்கும் இடத்தை. அது வாசலில் இல்லை. கூடத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் இல்லை. மொட்டை மாடியில் இருக்கிறது. மற்றவரைக் காண வேண்டுமென்றால், காண வேண்டும் என்று எண்ணி, படியேறித்தான் போக வேண்டும். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் தோள் இடித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு சண்டை முளைப்பதற்கு அங்கே வழி இல்லை.

ஆனால் குறையும் அங்கேதான் இருக்கிறது. ஃப்ரீடா தம் வேலையறையிலிருந்து மாடிக்கு ஏறும் படிகள் கட்டடத்தின் வெளிப்புறத்தில் ஒட்டியவை, குறுகலானவை, மெல்லிய கம்பியே கைப்பிடி. காலும் முதுகும் பழுதுபட்ட ஒரு பெண்மணிக்கு இத்தகைய படியா? ஓகோர்மன் இருவருடைய தொழிலை அளந்தார், குணத்தை அளந்தார். அந்த அம்மையாரின் காலை அளக்க மறந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தவிர, புகழ் மிக்கவருக்குப் பெரிய வீடு, மற்றவருக்குச் சிறிய வீடு என்ற பங்கீட்டையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

தம்பதியர் அமெரிக்காவில் வேலை முடித்து 1933ஆம் ஆண்டின் இறுதியில் திரும்பி இவ்வீட்டில் குடியேறினர். 1935இல் ஃப்ரீடா சில மாதம் நகரில் தனி வீடு எடுத்துப் போய்விட்டார். 1939இல் மணமுறிவே நேர்ந்தது. அதற்கு ரிவேராவின் ஒழுக்கக்கேடு முதற்காரணம். எந்தக் கொத்தனாராலும் அதைப் பூசி மறைக்க இயலாது. ஃப்ரீடா கொயோகானில் உள்ள தம் தந்தையின் வீட்டுக்குச் சென்றார். முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீடு அது. நம்மூர் வீட்டுக்குச் சற்றே உறவு எனலாம். 1940 டிசம்பரில் இருவரும் மறுபடியும் மணந்துகொண்டனர். இம்முறை ஃப்ரீடா விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, வீட்டுச் செலவில் பாதியைத் தாமே ஏற்பது. அவர் 1954இல் தம் தந்தை வீட்டிலும், ரிவேரா 1957இல் ஸான் ஆன்ஹெல் வேலைக்கூடத்திலும் காலமானார்கள். அந்த இரட்டை வீடு 1986 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நிற்க. இரண்டு வீடும் பாலமும் கட்ட நமக்கு மனையும் இல்லை, பணமும் இல்லை. ஆயினும் அந்த வீட்டின் சூத்திரத்தை ஒன்றரை அறைக்குள் கொண்டு வர முடியும் என்பதற்கு எங்கள் ரயில்வே காலனியிலேயே ஒரு சான்று உண்டு.

நெல்லைச் சீமையைச் சேர்ந்த நண்பர் ஒருவர். தந்தையார் காலமானபின் தாயாரை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டார். மனைவி மருத்துவமனையில் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. அம்மையார் நாலு மணிக்கு எழுந்து விளக்கேற்றி, மணியடித்து, வாய்விட்டுப் பாடுபவர். பேச ஆள் கிடைத்தால் பசியும் தெரியாது. மருமகளோ காலை எட்டரைக்கு வீடு வந்து, பிற்பகல் வரை உறங்கியாக வேண்டியவர். இயல்பாகவே பேச்சுக் குறைந்தவர். குவார்ட்டர்ஸில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, அதற்குப் பின் சமையலறை. சாமி அலமாரியும் அம்மையாரின் தகரப் பெட்டியும் உள்ளறையில் இருந்தன. மருமகள் உறங்குவதும் உள்ளறையில்தான். சமையலறைக்கு வழியும் அதனூடேதான். எனவே பகல் முழுவதும் அம்மையாருக்குச் சாமியும் இல்லை, மாற்றுச் சேலையும் இல்லை, அடுப்பும் இல்லை. மருமகளுக்கோ கண் அயரும்போதெல்லாம் கதவுச் சத்தம், மிக்ஸிச் சத்தம். இரவெல்லாம் நோயாளிகளுக்கு ஊசி போடும் கை, தூக்கமின்றி நடுங்கலாமா? ஒரு நாள் அம்மையார் மகனிடம், "எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்திருய்யா" என்று சொல்லிவிட்டார். ஊரில் அவருக்கு இருந்தது பூட்டிய வீடு. நண்பர் முன்பதிவுக்காக என்னிடம் வந்தார்.

டிக்கெட் இருக்கட்டும் என்று சொல்லிக் கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தோம். ஒரு கட்டம் ஓரடி என்று வைத்து வீட்டை வரைந்தோம். கட்டில், பீரோ முதலியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டோம். பக்கத்தில் இரண்டு பத்திகளாக, அம்மையாரின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் மருமகளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் எழுதினோம். ரயில்காரனுக்கு இது பழகிய வித்தை. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகளை எந்த நிலையத்தில், எந்த லூப் லைனில் ஒதுக்குவது என்று பார்ப்பது போன்றதே இதுவும். அவ்வாறு எழுதிப் பார்த்தபோது, குணபேதம் என்று நாங்கள் நினைத்திருந்ததில் பெரும்பகுதி மூன்றடி அகல வழி ஒன்றைப் பற்றிய தகராறு என்று தெரிந்தது.

முன்னறை முழுவதும் அம்மையாருக்கு ஆயிற்று. சாமி அலமாரி அங்கே கிழக்குப் பார்க்க வந்தது. கட்டிலை வராந்தாச் சாளரத்தின் ஓரம் போட்டோம். போகிற வருகிற பெண்டிர் நின்று பேச அதுவே திண்ணை. உள்ளறையில், பீரோவையும், குழாய்ச் சட்டத்தில் தொங்கவிட்ட கனத்த நீலத் திரையையும் நடுவே நிறுத்தி, ஓரமாக மூன்றடி வழி விட்டோம். (குவார்ட்டர்ஸ் சுவரில் கை வைக்க அனுமதி வேண்டும், ஆதலால் சட்டம் தரையில் நிற்பது.) மருமகளின் கட்டில் சமையலறைச் சுவரை விட்டு எதிர்ச்சுவருக்குப் போயிற்று. பகல் உறக்கத்துக்கு இருட்டு இன்றியமையாதது. வண்டி ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூம்களில் பகலிலும் அறையை இருட்டாக்கி வைப்பது அதற்காகத்தான். ஆகவே உள்ளறைச் சாளரத்துக்கும் அதே நீலத்துணி. அரைப்பதெல்லாம் எட்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பதற்கு அம்மையாரே இசைந்தார். மருமகள் வீட்டிலிருக்கும் இரவுகளுக்குப் பின் விடியற்காலையில் மணி இல்லை, பாட்டு மட்டும்.

இவ்வளவும் வரைந்து முடித்தபின், அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் பென்சிலை வாங்கினார். "அத்தைக்கு முழங்கால் வலி. பெட்டி தரையிலே இருந்தா குனிய முடியாது. ராத்திரி இந்த வழியிலே விளக்கு இல்லைன்னா விழுந்திடுவாங்க" என்றார். பெட்டி முக்காலியின் மேல் ஏறியது. வழியில் சிறு இரவு விளக்கு எரிந்தது. ஓகோர்மன் தவறவிட்ட இடத்தை அந்தப் பெண் பிடித்துவிட்டாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாலத்துக்கு நாங்கள் திட்டம் எதுவும் போடவில்லை. மாலை ஐந்து மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன், மருமகள் முன்னறைக் கட்டிலில் வந்து அமர்ந்து காப்பி குடிக்கிறாள். பேசுவது அத்தை, கேட்பது அவள். கால் மணி நேரந்தான்.

அந்த ஆண்டு ஆனித் தேருக்கு அம்மையார் திருநெல்வேலி சென்றார். போகவும் வரவும் இரண்டு டிக்கெட்டுகளுக்கும் படிவத்தை நானே நிரப்பினேன். நீலத்திரை வீட்டை ஆசுபத்திரி வார்டு போல ஆக்கிவிட்டது என்ற மனக்குறை அவருக்கு இன்றும் உண்டு. மஞ்சள் திரை மாற்றுவதாகப் பேச்சு நடக்கிறது, மஞ்சளில் வெளிச்சம் புகும் என்று மருமகள் தயங்குகிறாள். தொலைக்காட்சிப் பெட்டிக்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை. மூன்று முறை அட்டையை நகர்த்திப் பார்த்துவிட்டோம்.