இன்சுலின் ஊசியும் வயிற்றுத் தடிப்பும்

சிறுமலையில் தோட்ட வேலை செய்யும் ஒருவர் அண்மையில் சிகிச்சைக்கு வந்திருந்தார். இரு வேளையும் தவறாமல் இன்சுலின் போட்டுக்கொண்டும் அவருடைய இரத்தச் சர்க்கரை ஒரு நாள் மிகுந்தும் மறுநாள் மிகக் குறைந்தும் காணப்பட்டது. ஊசி தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், நிறுத்திவிடலாமா என்றும் கேட்டார். வயிற்றைத் தடவிப் பார்த்தபோது, தொப்புளுக்கு வலப்புறம் எலுமிச்சை அளவில் ஒரு தடிப்பு இருந்தது. அங்கே போட்டால் வலிப்பதில்லை என்பதால் நாள்தோறும் அங்கேயே போட்டு வந்திருக்கிறார்.

தடிப்பு ஏன் உண்டாகிறது?

இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் இயல்பு உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டாலோ, ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்தினாலோ தோலுக்கு அடியில் கொழுப்புத் திரளும். அங்கு உணர்ச்சி குறைவதால் வலி தெரியாது. ஆனால், மருந்து சீராக இரத்தத்தில் கலக்காது.

தவிர்ப்பது எப்படி?

• வயிற்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து, வாரத்திற்கு ஒரு பகுதியில் போடுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விடுங்கள்.
• முந்தைய இடத்திலிருந்து ஒரு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள்.
• ஒவ்வொரு முறையும் புதிய ஊசியைப் பயன்படுத்துங்கள்.
• மலையேற்றமோ கடும் உழைப்போ உள்ள நாளில் தொடையில் போடாதீர்கள். மருந்து விரைந்து கலந்து சர்க்கரை தாழக்கூடும்.

ஓர் எச்சரிக்கை

தடிப்பை விட்டு நல்ல இடத்திற்கு மாறும்போது அதே அளவு மருந்து முழுமையாக வேலை செய்யும். சர்க்கரை திடீரெனத் தாழலாம். ஆகவே, மருத்துவரைக் கேட்டு அளவைச் சரிசெய்த பின்னரே இடத்தை மாற்றுங்கள். தொடக்க நாள்களில் சர்க்கரையை அடிக்கடி சோதியுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே அருந்த வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, உயராவிடில் மறுமுறையும் அருந்த வேண்டும். பின்னர் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மலையூர்களுக்கு வண்டி வந்துசேர நேரமாகும். எனவே, வேலைக்குச் செல்லும்போதும் சர்க்கரைப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டபோது, ஊசி போட்ட இடத்தில் கட்டி உண்டாயிற்று. மருத்துவர்கள் அதைக் கைவிடவில்லை. மருந்தைத் தூய்மைப்படுத்தி, சில நாள்களிலேயே மீண்டும் கொடுத்தனர். சிறுவன் தேறினான். நீங்களும் ஊசியை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது, ஊசி போடும் இடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.