பாப்பாவுக்குத் தண்ணீர்கூட வேண்டாமா?

வா செல்லமே, பக்கத்தில் உட்கார். உன் குட்டித் தம்பிக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், "வெயில் காலத்தில் தாகம் எடுக்காதா?" என்று கேட்டாயாமே! கெட்டிக்காரக் கேள்வி.

தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு தண்ணீர்தான். பால் குடித்தாலே தாகம் தீர்ந்துவிடும். பாப்பாவின் வயிறு ரொம்பச் சிறியது. அதில் தண்ணீரை நிரப்பினால் பாலுக்கு ஏது இடம்? அதனால் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அப்புறம் குழைந்த பருப்புச் சோறு, மசித்த வாழைப்பழம், காய்ச்சி ஆறிய தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வரும். தாய்ப்பாலும் தொடரும்.

சில வீடுகளில் பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பார்கள். ஆசையோடு செய்வதுதான். ஆனாலும் ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. ஏன் தெரியுமா?

தேனில் சில சமயம் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உறங்கிக்கிடக்கும். உன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடாது. பாப்பாவின் குடலில் அந்தக் காவல் இன்னும் உருவாகவில்லை. அங்கே வித்து முளைத்து நஞ்சைச் சுரந்தால் தசைகள் தளர்ந்துபோகும். தேன் உனக்கு நல்லது, தம்பிக்கு ஆகாது. புரிகிறதா?

சரி, இப்போது உன் தட்டுக்கு வருவோம். சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கம் உண்டா?

நீ மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை உடம்பெங்கும் கொண்டுபோவது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அந்த ஹீமோகுளோபினை உருவாக்க உடம்புக்கு இரும்புச்சத்து வேண்டும். கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் அது இருக்கிறது. ஆனால் கூடவே டீ குடித்தால், டீயில் உள்ள டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மரக்கிளையில் சிக்கிய பட்டம் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு வராதல்லவா? அப்படித்தான், குடல்வரை வந்த இரும்பு இரத்தத்துக்குள் போகாமல் நின்றுவிடும். காப்பியும் இதே வேலையைச் செய்யும். சிறுவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

இதற்கு நேர்மாறானது நெல்லிக்காய். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் எளிதாக உறிஞ்சும்படி மாற்றிக் கொடுக்கும். எலுமிச்சையும் கொய்யாவும் அப்படித்தான். நாளைக்குக் கீரை சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் வைத்துக்கொள்கிறாயா?

பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்களே, கவனித்திருக்கிறாயா? 5 முதல் 9 வயதுவரை இளஞ்சிவப்பு நிறம். அதில் 45 மில்லிகிராம் இரும்பு. 10 முதல் 19 வயதுவரை நீல நிறம். அதில் 60 மில்லிகிராம். உன் அக்காவின் வயதில் உடம்பு மளமளவென்று வளரும், இரத்தமும் கூடும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயில் கொஞ்சம் இரத்தம் வெளியேறும். அதனால்தான் கூடுதல் இரும்பு.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. சாப்பிட்ட பிறகு தண்ணீரோடு விழுங்கு. மறுநாள் மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமான இரும்புதான் அது.