தை மழையில் நனைந்த கதிர்: முதல் 72 மணி நேரம்

திருவாடானைப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “கதிர் அறுத்து வயலில் போட்டிருந்தேன். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக நனைந்து கிடக்கிறது. இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறேன், பணம் வருமா?” தை பிறந்தால் இப்படி ஒரு கடிதமாவது வந்துவிடும். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல் தையில் அறுவடைக்கு வரும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிடும் என்பது நம் முன்னோர் போட்ட கணக்கு. இப்போது அந்தக் கணக்கு அடிக்கடி தப்புகிறது. 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் வழக்கத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு மழை பெய்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தபோது, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. பெருமழை இல்லாவிட்டாலும், விடிகாலையில் மூடுபனி, பகலில் மேகம், சாயங்காலம் தூறல் என்று நாலு நாள் போனால் அறுத்த கதிர் காயாது, முளைவிடத் தொடங்கும்.

இனி காப்பீடு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நிற்கிற பயிருக்கு ஒரு வழி, அறுத்துப் போட்ட பயிருக்கு வேறு வழி. நிற்கிற பயிரின் மகசூல் இழப்பை அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்கா அளவில், பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திக் கணக்கிடுவார்கள். உங்கள் வயல் மட்டும் பாதித்தது என்பதை வைத்து அதில் பணம் வராது. அறுத்துக் காயப் போட்ட கதிர் பருவம் தவறிய மழையில் நனைந்தால் தனி வயலுக்கே இழப்பீடு உண்டு. அறுத்த நாளிலிருந்து 14 நாள் வரைதான் அந்தப் பாதுகாப்பு. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். உங்கள் பயிருக்கு இந்தப் பிரிவு அந்த ஆண்டு அறிவிக்கையில் இருக்கிறதா என்று பிரீமியம் கட்டும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

14447 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். வேளாண்மை அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். சர்வே எண், அடங்கல், பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருக்கட்டும். எத்தனையோ பேர் முளைத்த கதிரை வாரி மாட்டுக்குப் போட்டுவிட்டு நாலாம் நாள் ஆபீஸுக்கு வருகிறார்கள். பார்வையிட வருகிறவருக்குக் காட்ட எதுவும் இருக்காது. அவர்கள் மேல் கோபமும் வராது, வயலில் அழுகுவதைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? முதலில் போட்டோ எடுத்துத் தகவலைச் சொல்லிவிடுங்கள். பிறகு எதைக் காப்பாற்ற முடியுமோ காப்பாற்றுங்கள்.

வரப்பை வெட்டித் தண்ணீரை வடிப்பது முதல் வேலை. கதிரை மேட்டுக்கு ஏற்றிப் பரப்புங்கள். ஈரத்தோடு போர் போட்டால் சூடேறி நெல் பழுத்துவிடும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வழக்கமாக எடுக்கமாட்டார்கள்.

நம் ஊரில் மழை பெய்யாமலும் வெள்ளம் வரும். வைகை அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனிப் பக்கம் பெய்த மழை பார்த்திபனூர் மதகணை தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர நாளாகும். அந்த இடைவெளியில் கடைமடைக்காரர்கள் அறுப்பை முடித்துக்கொள்ளலாம். கலுங்கு அடைத்திருந்தால் ஊர்க்காரர்கள் சேர்ந்து முன்கூட்டியே சுத்தம் செய்யுங்கள்.

முண்டு மிளகாய் போட்ட கமுதி, முதுகுளத்தூர், கடலாடிக்காரர்கள் தண்ணீரை ஒரு நாள்கூட நிற்கவிடக் கூடாது. வேர் அழுகிச் செடி வாடும். பழ அழுகல் தெரிந்தால் லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் கலந்து, மழை விட்ட பிறகு தெளியுங்கள். பழத்தை மண்ணில் காயப் போடாமல் தார்ப்பாயில் போட்டு, பனி இறங்குமுன் மூடிவிடுங்கள். இரவுப் பனியில் நனைந்த வத்தல் நிறம் மாறிப் பூசணம் பிடிக்கும், விலையும் பாதியாகும்.

அதே வாசகர் கடைசியில், அந்த ஈரத்தில் உளுந்து போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். தண்ணீர் தேங்கி நிற்கும்போது வீசினால் விதை அழுகும். நீர் வடிந்து மண் மெழுகு பதத்துக்கு வந்ததும் ஏக்கருக்கு 10 கிலோ விதை வீசலாம். மாசி பாதியைத் தாண்டவிடாதீர்கள்.