கைக்கேத்த குச்சி!

சண்டை வீடியோ கேம் ஆடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. கடையில் கொடுத்ததை வைத்துக் குத்துகிறவர்கள் ஒரு கட்சி. 'எனக்கு வேண்டியதை நானே கட்டிக்கிறேன்' என்று ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குகிறவர்கள் இன்னொரு கட்சி. என் ஓட்டு இரண்டாவதற்கு.

1991-ல் ஜப்பானின் காப்காம் கம்பெனி 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்தை வெளியிட்டது. ஒரு குச்சி, ஆறு பட்டன். காசு போட்டு ஆடும் அந்த மெஷினின் மேல்பலகையை மட்டும் மடியில் வைத்துக்கொள்கிற பெட்டியாக்கினால், அதுதான் ஆர்கேட் ஸ்டிக். ரெடிமேடாகவும் கிடைக்கும். பாகம் பாகமாக வாங்கிக் கட்டினால், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆனால், பொருத்தம் பார்த்து வாங்கணும்!

முதல் பொருத்தம், குச்சி. ஜப்பானின் சான்வா ஜே.எல்.எஃப். பலரும் வாங்குவது. லேசாகத் தள்ளினாலே போகும். அதே நாட்டு செய்மிட்சு எல்.எஸ்.32 கொஞ்சம் விறைப்பு. கொரியாக்காரர்கள் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்த குச்சியை விரும்புகிறார்கள். 'டெக்கன்' ஆடுகிறவர்களில் பலருக்கு அது உயிர்.

குச்சியின் அடியில் ஒரு தகடு இருக்கும். அதன் ஓட்டை சதுரமா, எட்டுப் பட்டையா? சதுரத்தில் மூலைக்குத் தள்ளினால் போதும், குனிந்து தடுப்பது நிச்சயம். எட்டுப் பட்டையில் ஒவ்வொரு திசையும் கைக்குத் தனியாகத் தெரியும். ஜே.எல்.எஃப்.பில் தகட்டை மட்டும் மாற்றலாம். அதனால் முதலில் அதோடு வரும் சதுரத்திலேயே ஒரு மாசம் ஆடிப் பாருங்கள்.

இரண்டாவது, பட்டன். அடிக்கிற பட்டன்கள் 30 மில்லிமீட்டர், ஸ்டார்ட் மாதிரி சில்லறை வேலைக்கு 24. சான்வா பட்டன் ரொம்ப லேசு. விரலை அதன் மேலேயே ஓய்வெடுக்க விட்டால், நீங்கள் நினைக்காத குத்தும் விழும்! அப்படிப்பட்ட கை என்றால் கொஞ்சம் கெட்டியான செய்மிட்சு பட்டன் நல்லது.

மூன்றாவது, பலகை. அழுத்தி மாட்டும் பட்டன் மெல்லிய தகட்டில் 'க்ளிக்' என்று உட்காரும். தடித்த மரத்தில் உட்காராது. அதற்கு, அடியில் நட்டு போட்டு முறுக்குகிற மரை பட்டன் வேண்டும். தடித்த பலகையில் குச்சியும் குட்டையாகத்தான் வெளியே தெரியும். அடிப்பக்கம் குடைந்துவிட்டுப் பொருத்த வேண்டும்.

நான்காவது, போர்டு. நிறையப் பேர் கடைசியில் யோசிப்பது. முதலில் யோசிக்க வேண்டியது! இந்த ஆட்டங்களில் திரை ஒரு வினாடிக்கு 60 முறை மாறுகிறது. போர்டு சோம்பேறி என்றால், நீங்கள் தடுக்க அழுத்தியது குத்து வாங்கிய பிறகுதான் போய்ச் சேரும். கம்ப்யூட்டரில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு சல்லிசான வழி இருக்கிறது. 2021-ல் நாலு டாலருக்கு வந்த 'ராஸ்பெர்ரி பை பிக்கோ'வில் ஜி.பி.2040-சி.இ. என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்றால் அந்தந்த மெஷின் ஏற்றுக்கொள்கிற போர்டாகத்தான் வாங்கணும். ப்ரூக் போர்டுகளுக்கு இதில் நல்ல பெயர். எந்த மெஷின் என்று முடிவு செய்யாமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

வயரிங்கைப் பார்த்து பயப்பட வேண்டாம். பட்டனுக்கு ரெண்டு முனை. ஒன்று சிக்னல், ஒன்று கிரவுண்ட். ரெடிமேட் வயர்களை வாங்கினால் ஈயப்பற்று வைக்காமலே செருகிவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயத்தை மறைப்பது நியாயமில்லை. 2014-ல் லாஸ் வேகாஸில் நடந்த 'ஈவோ' போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்றவர் பிரான்ஸின் லஃபி. அவர் கையில் இருந்தது ஆர்கேட் ஸ்டிக் இல்லை. முதல் பிளேஸ்டேஷனோடு வந்த பழைய கன்ட்ரோலர்!

அவர் கைக்கு அது பொருத்தம். உங்கள் கைக்கு எது என்று சொல்ல ஜோசியர் கிடையாது ஸார், ஆடித்தான் பார்க்கணும்.